நான் சுமந்தது பருத்தி இல்லை

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மாமாவும் நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அதைவிட நன்றாக இருக்க வேண்டும், குளிரில் பேத்தியின் காதை மூடி அனுப்பு. என் கோபமும் நலம். நேற்று ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசிக்கொண்டிருந்தபோது லைன் போய்விட்டது என்று நினைத்திருப்பாய், போகவில்லை, நான்தான் வைத்தேன். போனில் நான் கோபப்பட்டால் நீ அழுவாய், நீ அழுதால் நான் சரி சரி என்று இறங்கிவிடுவேன், நீ பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். இது என் வாழ்க்கையில் முதல் கடிதம், மெதுவாகத்தான் நகர்கிறது, கையெழுத்து ஏறி இறங்கி இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. பக்கத்தில் ரேடியோ போட்டுக்கொண்டு உன் மாமா, என்ன மச்சான், பத்திரிகை ஏதாவது ஆரம்பிக்கிறியா என்று கேட்கிறான். உன் அம்மா இருந்திருந்தால் தம்பியை ஒரு முறை முறைத்திருப்பாள்.

நீ சொன்னதை நான் சரியாகத்தான் கேட்டேனா என்று பார். அப்பா, அம்மா கேஸுக்கான அந்தப் பிரமாணப் பத்திரத்துல கையெழுத்து போட்டுடாதீங்க, பெருவிரல் ரேகையே வச்சிடுங்க, வக்கீலம்மா சொல்றாங்க, அப்பதான் உங்களுக்கு அன்னைக்குப் படிக்கத் தெரியாதுங்கிறது எடுபடும் என்றாய். பதினான்கு மாதம், மகளே. பஸ் டிப்போவின் ஓய்வறையில், டயர் வாடைக்கு நடுவில், சாயங்காலம் நாலரை மணிக்கு, டிக்கெட் கவுண்டரில் இருக்கும் அந்தப் பெண் தன் வேலை முடிந்து வந்து சொல்லிக் கொடுக்க, என் பேரனுக்கு இருக்க வேண்டிய வயதுள்ள கிளீனர்களோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். கப்பல் உடைக்கிற இடத்தில் இருபத்திரண்டு வருடம் கேஸ் கட்டர் பிடித்த கை, பென்சிலைப் பிடித்தால் பென்சில்தான் உடையும். பெரியவரே, அது இரும்பு இல்ல, கொஞ்சம் லேசா புடிங்க என்பாள் டீச்சரம்மா. ழ என்ற ஒரு எழுத்துக்கு மட்டும் ஐந்து நாள் ஆயிற்று. எழுத்துக் கூட்ட வந்த பிறகு பார்த்ததையெல்லாம் படித்தேன், பஸ் போர்டு, மாத்திரை அட்டை, சுவரில் ஒன்றுக்குப் போகாதே என்று எழுதியிருப்பதுகூட எனக்கு விட்டுவிட மனம் வரவில்லை. இவ்வளவுக்கும் பிறகு நீ என்னை மறுபடி மை டப்பாவில் விரல் வைக்கச் சொல்கிறாய். நான் வைக்க மாட்டேன் என்று எழுதி முடித்துவிடலாம், ஆனால் என் கோபம் முறையாக முதலிலிருந்து வர வேண்டும், அப்போதுதான் உனக்கும் உன் வக்கீலம்மாவுக்கும் புரியும்.

கப்பலில் இருந்து தொடங்குகிறேன். நாங்கள் மாமியார் என்று பெயர் வைத்த அந்தப் பெரிய கப்பல் உனக்கு நினைவிருக்கும், எவ்வளவு வெட்டினாலும் மசியாது, நாலரை மாதம் எங்களை ஆட்டி வைத்தது. அது கரையில் ஏறின அன்று பின்பக்கத்தில் பெயின்ட் ஈரம்கூடக் காயவில்லை, பழைய ஊர்ப் பெயரை அழித்துவிட்டுப் புது ஊர்ப் பெயர் எழுதியிருந்தார்கள், வெள்ளைப் பெயின்ட் கண்ணீர் மாதிரி வழிந்திருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாதே, கப்பலுக்கு மை தீட்டி அனுப்பியிருக்காங்கடா என்று நாங்கள் சிரித்தோம். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு என்னையே பிடிக்கவில்லை. முப்பது வருடம் அந்தக் கப்பல் நீ இருக்கும் நாட்டுக் கம்பெனியுடையது, அந்த நாட்டுக் கொடி கட்டி ஓடியது. சாகப்போகிற கடைசி மூன்று வாரத்துக்கு மட்டும் எங்கேயோ கடல் நடுவில் இருக்கிற ஒரு தீவு நாட்டின் கொடி. கம்பெனியைக் கேட்டால், உடைக்கும்போது அது எங்கள் கப்பல் இல்லை, விற்றுவிட்டோம் என்கிறான். வாங்கினவன் யார் என்றால் அந்தத் தீவில் ஒரு தபால் பெட்டி, அவ்வளவுதான். தீவைக் கேட்டால் கொடி எங்களுடையது, கப்பல் எங்களுடையது இல்லை என்கிறது. இங்கே நம் நாட்டுச் சட்டத்தைக் கேட்டால், உன் மனைவி இறந்து மூன்று வருடத்துக்குள் வந்திருக்க வேண்டும், ஆறு வருடம் ஆகிவிட்டது, போ என்கிறது. ஒரு கப்பலுக்கு மூன்று நாடு இருக்கிறது, அதன் தூசு உன் அம்மாவின் நெஞ்சுக்குள் போனதற்கு மட்டும் எந்த நாடும் இல்லை.

நீ இருக்கும் நாட்டுச் சட்டம் வேறு என்று நீ சொன்னபோது நான் போனும் கையுமாக எழுந்து நின்றுவிட்டேன். அங்கேயும் மூன்று வருடம்தான், ஆனால் இறந்த நாளிலிருந்து எண்ண மாட்டார்கள், எதனால் இறந்தாள் என்று நமக்குத் தெரிந்த நாளிலிருந்து எண்ணுவார்கள் என்றாய். நீ பார்த்துக்கொள்ளும் பெரியவரின் மகள் வக்கீலாக இருந்தது நம் அதிர்ஷ்டம் என்றாய். அந்தச் சட்டத்தை எழுதியவன் எவனோ, அவன் ஒரு நாளாவது எழுதப் படிக்கத் தெரியாதவர்களோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்தச் சட்டத்தின் கையில் போய் நீங்கள் ரேகையைக் கொடுக்கப் பார்க்கிறீர்கள். தெரியாத ஒருவனுக்கு ஒரு நாள் தெரியவரும் என்று நம்புகிற சட்டம், படிக்காதவன் ஒரு நாள் படிப்பான் என்பதை நம்பாதா?

நமக்குத் தெரியவந்தது எப்படி என்று உன் வக்கீலம்மாவிடம் நீ முழுதாகச் சொன்னாயா என்று எனக்குச் சந்தேகம், அதனால் எழுதுகிறேன். கப்பலின் குழாய்களைச் சுற்றி வெள்ளையாகச் சுற்றியிருக்குமே, அதை நாங்கள் பஞ்சு என்போம். கப்பல் பஞ்சு. கையால் பிய்த்து எடுத்து மூட்டை கட்டுவோம், மதியம் அந்த மூட்டையில் தலை வைத்துப் படுப்போம், மெத்தென்று இருக்கும். வீட்டுக்கு வந்தால் உன் அம்மா என் சட்டையைப் பின்கதவில் நின்று உதறுவாள், வெயிலில் வெள்ளையாகப் பறக்கும், உங்க கப்பல் வீட்டுக்கே வந்துடுச்சு, நான் வேற தனியா எதுக்குக் கடலுக்கு வரணும் என்பாள். அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், நுரையீரல்ல தூசு இருக்கு, எங்க வேலை பார்த்தாங்க என்றார். வேலைக்கு எல்லாம் போகலைங்க, என் துணியில வர்ற பஞ்சுதான் என்றேன். எந்த மில்லு என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் பஞ்சாலைத் தூசு என்று எழுதிவிட்டார். நான் சொன்ன வார்த்தைதான், மகளே. அவர் மேல் பாதிக் கோபம், என் நாக்கின் மேல் பாதி.

அதற்கு நாலு வருடம் முன்னால் மேஸ்திரி எங்களை வரிசையில் நிற்க வைத்து, புது கேட் பாஸுக்குடா, விரலை வை, நகரு என்று ஒரு காகிதத்தில் ரேகை வாங்கினான். பாஸை அந்தக் காகிதத்தோடு பின் அடித்துக் கொடுத்ததால்தான் அது என்னிடம் தங்கியது. ஏழு மாதம் முன்பு, படிக்க வந்த தைரியத்தில், அதை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். கல்நார் முதலிய பொருட்களின் அபாயம் குறித்து எனக்கு விளக்கப்பட்டது என்று இருந்தது. கல்லில் எப்படி நார் இருக்கும், அச்சுப் பிழை போல என்று நானும் டீச்சரம்மாவும் சிரித்தோம், அவளுக்கும் அந்த வார்த்தை தெரியவில்லை. அடுத்த வரியில் சிரிப்பு நின்றது. மேற்கண்டவற்றைப் படித்துப் பார்த்துப் புரிந்துகொண்டு முழு மனதுடன் ஒப்புக்கொள்கிறேன், நானோ என் மனைவியோ என் வாரிசுகளோ எந்த நாட்டு நீதிமன்றத்திலும் கேட்க மாட்டோம் என்று. படித்துப் பார்த்து என்ற வார்த்தைக்கு நேர் கீழே என் பெருவிரல். பார்த்தவன் ஒருவனுக்காவது சிரிப்பு வந்திருக்க வேண்டாமா? என் மூச்சை நான் எழுதிக் கொடுத்தேன் என்றே வை, உன் அம்மாவின் மூச்சை நான் எப்படி எழுதிக் கொடுக்க முடியும்? அவள் அன்று அந்த வரிசையிலேயே இல்லை. பிறகு இரண்டு மாதம் கழித்து, கப்பலில் என்னோடு பஞ்சு பிய்த்த உன் மாமாவின் இருமலுக்கு எக்ஸ்ரே எடுக்க நெஞ்சு நோய் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன், அவன் உள்ளே இருந்தான், நான் சுவரைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு படம், குழாய், அதைச் சுற்றி நம் பஞ்சு, கீழே பெரிய எழுத்தில் கல்நார், பக்கத்தில் அடைப்புக்குள் ஆஸ்பெஸ்டாஸ், அதற்குக் கீழே அது நுரையீரலை என்ன செய்யும் என்று. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை, டோக்கன் நம்பர் நாற்பத்தொன்று, டோக்கனை இன்னும் வைத்திருக்கிறேன். அதுதான் எனக்குத் தெரிந்த நாள். வேறு எந்த நாளும் இல்லை.

இதுவரை எழுதினது புதன்கிழமை வரைக்கும். இன்று வெள்ளி, நேற்று நோட்டரி ஆபீஸுக்குப் போய் வந்தேன், நடந்ததைக் கேள், இனிமேல்தான் உண்மையான கோபம். துணைக்கு உன் மாமாவும் வந்தான், வழியெல்லாம், ஒரு விரல்தானே மச்சான், வச்சுட்டுப் போயேன், அக்கா கேஸு ஜெயிக்கட்டும், உன் கையெழுத்தப் பார்த்து எந்த நாட்டு ஜட்ஜும் மயங்கப் போறதில்ல என்று நச்சரித்தான். நோட்டரி மேஜையில் ஐந்து முத்திரை, ஒரு மை டப்பா. நீ நேராக அவருக்கே மெயிலில் அனுப்பியிருந்த நாலு பக்கத்தையும் கடைசிப் பக்கம் மட்டும் தெரிகிற மாதிரி மடித்து வைத்து, என் கையை அவரே பிடித்தார், விரலக் குடுங்க பெரியவரே, வரிசையில ஆள் நிக்குது என்றார். படிச்சுட்டுத் தர்றேன் என்றேன். நான் படிச்சுக் காட்டறேனே என்றார். வேண்டாங்க, பத்து வருஷம் முன்னாடி ஒருத்தன் அதுகூடச் சொல்லல, நீங்க சொன்னதே பெரிசு, ஆனா நானே படிச்சுக்கிறேன் என்றேன். நின்றுகொண்டே படித்தேன். வரிசையில் இருந்த லாரி டிரைவர், சத்தமாவே படிங்க தாத்தா, எங்களுக்கும் பொழுது போகும் என்றார். சத்தமாகவே படித்தேன். இரண்டு பக்கம் நன்றாகத்தான் இருந்தது, என் வயது, கப்பல், கொடி எல்லாம். மூன்றாம் பக்கத்தில் தட்டியது. மேற்படி கப்பல்களில் இருந்து பருத்தியை அகற்றும் பணியில் ஈடுபட்டிருந்தேன், பருத்திப் பொதிகளின் மேல் தலை வைத்து உறங்குவது வழக்கம், பருத்தித் தூசு படிந்த ஆடைகளை என் மனைவி உதறுவாள் என்று இருந்தது.

முதலில் எனக்குத்தான் படிக்க வரவில்லை என்று நினைத்தேன். மூன்று தடவை எழுத்துக் கூட்டினேன். உன் மாமா, நீ ழவையே ளன்னு படிக்கிற ஆளு, உனக்கு எதுக்கு இந்த வேலை என்றான். டிரைவரைக் கூப்பிட்டுக் காட்டினேன், பருத்தின்னுதான் போட்டிருக்கு தாத்தா, கப்பல்ல பருத்திச் செடியா வளர்த்தீங்க என்றார். யோசித்துப் பார், நீ பஞ்சு என்று சொல்லியிருக்கிறாய், அங்கே மொழிபெயர்த்தவன் அதைப் பருத்தியாக்கியிருக்கிறான், ஆஸ்பத்திரிச் சீட்டிலும் பஞ்சாலை என்று இருந்ததால் சரியாகத்தான் இருக்கிறது என்று வக்கீலம்மா விட்டிருக்கிறாள், அதைத் திரும்ப நம் மொழிக்குக் கொண்டுவந்தவன் நல்ல தமிழில் எழுதி அனுப்பியிருக்கிறான். நாலு பேர் படித்தவர்கள், ஒருவருக்கும் கப்பலில் ஏது பருத்தி என்று தோன்றவில்லை. நீ என் வாயால் பஞ்சு என்று கேட்டே வளர்ந்தவள், கல்நார் என்று நான் போனில் சொன்ன பிறகாவது அந்த வார்த்தையை மாற்றியிருக்க வேண்டாமா? நீ சொன்னபடி நான் விரல் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கம்பெனி வக்கீல் எழுந்து, எங்கள் கப்பலில் பருத்தியே இல்லை, இந்த அம்மா மில் தூசில் இறந்திருக்கிறாள், அவள் புருஷனே சத்தியம் பண்ணியிருக்கிறான் என்று சொல்லியிருப்பான். உன் அம்மாவை அந்தக் கம்பெனி ஒரு தடவை கொன்றது. நாம் நம் செலவில் வக்கீல் வைத்து அவனை விடுதலை பண்ணி அனுப்பியிருப்போம்.

நோட்டரி நல்ல மனிதர், முதலில் முணுமுணுத்தாலும் பிறகு நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தார். அடித்துத் திருத்துங்க, ஒவ்வொரு திருத்தத்துக்குப் பக்கத்துலயும் கையெழுத்து வேணும், நான் முத்திரை போடறேன், அங்கே ஒத்துக்குவாங்க என்றார். பதினோரு இடத்தில் பருத்தியை அடித்தேன், பதினோரு இடத்தில் கல்நார் என்று எழுதினேன், முதல் இடத்தில் மட்டும் நாங்கள் பஞ்சு என்று சொன்னது என்றும் சேர்த்தேன். பதினோரு கையெழுத்து. முதல் இரண்டும் கோழி கிளறின மாதிரி இருக்கும், ஏழாவதில் இருந்து பார், வக்கீல் மாதிரி விழுந்திருக்கிறது. கடைசியில் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது என்று இருந்ததையும் அடித்துவிட்டு நானே படித்தேன் என்று எழுதினேன், அதையும் சேர்த்தால் பன்னிரண்டு. பத்திரத்தோடு அந்த டோக்கனின் நகலும், டீச்சரம்மாவின் வருகைப் பதிவேட்டின் நகலும் வைத்திருக்கிறேன். முதல் ஆறு வாரம் என் பெயருக்கு நேராக ரேகை, ஏழாவது வாரத்தில் இருந்து எழுத்து. உன் வக்கீலம்மாவிடம் சொல், அன்றைக்குத் தெரியாது என்பதற்கு அத்தாட்சி வேண்டுமென்றால் அந்தப் பதிவேடு இருக்கிறது, அதற்காக என்னை இன்றைக்கும் தெரியாதவனாக நடிக்கச் சொல்ல வேண்டாம். என் நாடு, அவள் நாடு, அந்தத் தீவு, எந்த நாட்டுச் சட்டமாக இருந்தாலும் பொய் ரேகை பொய் ரேகைதான். அவளுக்கு அதில் சம்மதம் இல்லையென்றால் வேறு வக்கீலைப் பார், நான் கையெழுத்தைத் திரும்ப வாங்க மாட்டேன். பத்திரத்தை நேற்றே பதிவுத் தபாலில் அனுப்பியாகிவிட்டது.

இன்று காலையில் ஒன்று நடந்தது. எக்ஸ்ரே எடுத்து ஐந்து மாதம் ஆகியும் உன் மாமா முடிவு கேட்கப் போகவே இல்லை, பீடி இருமல்தான் என்று என் வாயை அடைத்துவிடுவான், கல்நார் பேச்சை எடுத்தால் ரேடியோவைக் கூட்டிவைப்பான். முடிவு கேட்கவில்லை என்பதை உனக்கும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தான். நோட்டரி ஆபீஸில் இருந்து வந்தவன் ராத்திரி ரேடியோவைப் போடாமலேயே படுத்துவிட்டான். காலையில் சட்டை போட்டுக்கொண்டு வந்து, கிளம்பு மச்சான், டாக்டர் என்ன சொல்றார்னு கேட்டுட்டு வருவோம், நீதான் பேசணும், எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல என்றான். போனோம். சின்ன வயது லேடி டாக்டர், படத்தை வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே, எங்க வேலை பார்த்தீங்க என்று அதே கேள்வி கேட்டாள். கப்பல் உடைக்கிற இடத்துல, பதினெட்டு வருஷம், கல்நார் பிரிக்கிற வேலை என்று நான் சொன்னேன். பஞ்சு என்று என் வாயில் வரவே இல்லை. அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள், இத முதல்லயே யாராவது இந்த வார்த்தையில சொன்னாத்தானே எங்களுக்குத் தெரியும் என்றாள். பிறகு எழுதினாள், மேஜையின் இந்தப் பக்கத்தில் இருந்து தலைகீழாகவே நான் படித்தேன், கல்நார் என்றுதான் எழுதினாள். உன் அம்மாவுக்கு வந்த அதே நோய்தான். ஆனால் ஆரம்பம்தான், கவனித்துக்கொண்டால் வருடக்கணக்கில் இருக்கலாம் என்றாள். வெளியே வந்து உன் மாமா, அப்போ என் மூணு வருஷம் இன்னையிலிருந்து ஓடுதா மச்சான் என்று கேட்டான். ஓடுது என்றேன். ஓடட்டும், நாமளும் பின்னாடியே ஓடுவோம் என்றான்.

அதனால் உன் வக்கீலம்மாவிடம் சொல், இனி இது ஒருவர் கேஸ் இல்லை, இருவர் கேஸ். சீட்டின் நகலும் அதில் உள்ள இன்றைய தேதியும் இந்த உறையிலேயே இருக்கிறது. மாமாவின் பத்திரத்தை அனுப்பும்போது கடைசியில் படித்துக் காட்டப்பட்டது என்றே போடச் சொல், அவனுக்கு அது உண்மை, நான்தான் படித்துக் காட்டுவேன், அவன் ரேகை வைப்பான். பருத்தி என்று ஒரு இடத்தில் வந்தாலும் திருப்பி அனுப்புவேன். நீ வேலைக்குப் போகும் இடத்தில் பழைய குழாய் ஏதாவது உடைத்துச் சரி செய்தால் பக்கத்தில் நிற்காதே, கேட்டுவிட்டு உள்ளே போ. உனக்கும் மாப்பிள்ளைக்கும் பேத்திக்கும் எந்தக் குறையும் வராமல் இருக்க உன் அம்மா பார்த்துக்கொள்வாள், நானும் பார்த்துக்கொள்வேன். பதிலைப் போனில் சொல்லாமல் எழுதி அனுப்பு, எழுத்தைப் பெரிதாக, வார்த்தைக்கு வார்த்தை இடம் விட்டு எழுது. கோபம் தீர்ந்ததா என்று அதில் கேட்க வேண்டாம், தீரவில்லை, தீர்ப்பு வரட்டும்.

இப்படிக்கு,
கல்நார் சுமந்த கையால் எழுதிய,
உன் அப்பா